தாஷ்கண்டில் காசு எங்கே எப்படிக் கழன்று போகும்

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் கத்தியைக் காட்டிப் பணம் பறிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கும் குடும்பம் குடும்பமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிற ஊர் அது. அங்கே காசு போகிற விதமே வேறு. டாக்சியில் ஐந்நூறு ரூபாய், சந்தையில் முந்நூறு, சாப்பாட்டு மேசையில் இருநூறு என்று, சண்டை போடவும் கூச்சமாக, விட்டுத்தொலைக்கவும் மனசில்லாத அளவில் போகும். நான் பார்த்தவரை இந்தச் சின்னச் சின்ன ஏமாற்றுகள் எல்லாமே நமக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன: பழகாத நோட்டு, கையில் இணையம் இல்லாத முதல் ஒரு மணி நேரம், விலை எழுதாத பொருள். அதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், பார்க்கிறவர்களை எல்லாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. இந்தியா என்று சொன்னதும் ராஜ் கபூர், மிதுன் சக்ரவர்த்தி என்று முகம் மலர்கிற மனிதர்கள் அவர்கள், அந்த அன்பு நடிப்பல்ல.

கிளம்புவதற்கு முன்பே ஆரம்பிக்கிற விஷயம் விசா. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் உஸ்பெகிஸ்தானுக்கு இ-விசா போதும், 2018 முதல் இருக்கிறது. ஒருமுறை நுழைந்து 30 நாள் வரை தங்க 20 டாலர். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் யூஇசட்’ என்று முடியும், அதைப் பார்த்துக்கொண்டால் போதும். தேடும்போது மேலே விளம்பரமாக வந்து நிற்கிற தளங்கள் அதே படிவத்தை, அதே மாதிரி கொடி, முத்திரை எல்லாம் போட்டு, மூன்று மடங்கு காசுக்கு நிரப்பித் தருகின்றன. விசா வந்துவிடலாம், ஆனால் உங்கள் பாஸ்போர்ட் நகல் யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

அடுத்து பணம். பாதிப் பிரச்சினை இங்கேதான்.

அந்த ஊர்ப் பணம் சோம். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 12,000 சோம். நூறு டாலரை மாற்றினால் பன்னிரண்டு லட்சம் கைக்கு வரும், வந்தவர்கள் எல்லோரும் தாங்கள் லட்சாதிபதி ஆகிவிட்டதாக ஒரு ஜோக் அடிப்பார்கள், அப்புறம் மறுநாள் தண்ணீர் பாட்டில் வாங்கும்போது நோட்டுக் கற்றையைப் பிரித்து வைத்துக்கொண்டு பூஜ்யங்களை எண்ணுவார்கள். நோட்டுகள் 1,000, 2,000, 5,000, 10,000, 20,000, 50,000, ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று போகும். 5,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 50,000 கொடுப்பதும், மீதி 20,000 வர வேண்டிய இடத்தில் 2,000 வருவதும் சர்வ சாதாரணம். நேர்மையான கடைக்காரர் நோட்டைத் திருப்பித் தருவார், எனக்கே அப்படி இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்திருக்கிறார்கள். எல்லோரும் தருவார்கள் என்று நம்பி ஊர் சுற்ற முடியாது இல்லையா? அதனால் 20,000 வரையிலான நோட்டுகளைச் சட்டைப் பையிலும், அதற்கு மேல் உள்ளதைப் பர்ஸிலும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு சுலபம்தான்: மூன்று பூஜ்யத்தை வெட்டிவிட்டு ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ ரூபாய் வந்துவிடும். 50,000 சோம் என்றால் முந்நூற்றைம்பது ரூபாய். இந்த ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டே இருந்தால் ‘எதுவும் மலிவுதான்’ என்கிற மயக்கம் வராது.

பேச்சில் அந்த மூன்று பூஜ்யத்தை அவர்களே வெட்டிவிடுவார்கள். ‘எல்லிக்’ என்றால் ஐம்பது, அதாவது ஐம்பதாயிரம். அட்டையிலும் வெறும் 70 என்று எழுதியிருக்கும், எழுபதாயிரம் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். இதில் விவகாரம் எங்கே வருகிறதென்றால், நினைவுப் பொருள் கடையில் ‘ஐம்பது’ என்று பேரம் முடிந்து, பொருளைச் சுற்றிக் கட்டிக் கையில் கொடுத்தபிறகு, ‘ஐம்பது டாலர்’ என்பார்கள். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. என் பக்கத்தில் நின்ற ஒரு வட இந்தியக் குடும்பம் கூச்சப்பட்டுக்கொண்டு அதைக் கொடுத்தே விட்டது. பேரம் பேசும்போது கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து அவர்கள் கையில் கொடுங்கள், எல்லாப் பூஜ்யத்தோடும் அவர்களே அடிக்கட்டும், பக்கத்தில் ‘சோம்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் மாற்றிப் பேச மாட்டார்கள்.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள் தெருவில் டாலர் மாற்றுகிறவர்களைத் தேடுவார்கள். அது 2017 செப்டம்பருக்கு முந்தைய கதை. அப்போது அரசு விலை டாலருக்கு நாலாயிரத்துச் சொச்சம், கள்ளச் சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்கு. பை நிறையப் பணம் தூக்கிக்கொண்டு போவார்கள், எண்ணி முடிக்கவே நேரமாகும். 2017இல் அரசு சோமின் மதிப்பைச் சந்தை விலைக்கே விட்டுவிட்டது, வங்கிக்கும் தெருவுக்கும் இருந்த இடைவெளி அன்றோடு போயிற்று. ஆக இன்றைக்கு சந்தை வாசலில் ஒருவர் ‘டாலர், டாலர்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து வங்கியைவிட நல்ல விலை தருகிறேன் என்றால், அந்தக் கூடுதல் லாபத்தை அவர் கற்றையின் நடுவில் மடித்து வைத்த நோட்டில் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். சட்டப்படியும் குற்றம், ஏமாந்தால் புகார் கொடுக்கவும் முடியாது. வங்கிகளும் ஹோட்டல்களில் உள்ள மாற்று மையங்களும் போதும். ஒன்று மட்டும், டாலர் நோட்டு புதுசாக, மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கியிலேயே திருப்பித் தருவார்கள். ரூபாயைக் கொண்டுபோனால் மாற்றுவது கஷ்டம். ஏடிஎம்மில் எடுக்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம்தான்.

சரி, விமான நிலையம். வெளியே கால் வைத்ததும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ‘டாக்சி, பிரதர், இண்டியா, ஹோட்டல்?’ முதலில் கேட்கிற தொகை இருபது டாலர். நகரம் பக்கத்திலேயே இருக்கிறது, டாக்சி ஆப்பில் போட்டால் அதே தூரத்துக்கு மூன்று நான்கு டாலருக்குள் முடியும். ஆப் வண்டி இங்கே உள்ளே வராது என்பார்கள், வாசல் வரை வராவிட்டாலும், பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் ஏறிக்கொள்ளலாம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று உண்டு. ‘யாண்டெக்ஸ்?’ என்று அங்கே ஓடுகிற டாக்சி ஆப்பின் பெயரைக் கேட்டுக்கொண்டே ஒருவர் வருவார், நீங்கள் ஆப்பில்தான் போவீர்கள் என்று அவருக்குத் தெரியும். தன் கைபேசியை நீட்டி, அதே மாதிரி மஞ்சள் திரையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று காட்டுவார். அது எந்த ஊருக்கான கட்டணமோ, எப்போது எடுத்த படமோ, யாருக்குத் தெரியும்? ஆப் உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும், விலையும் உங்கள் திரையில்தான் தெரிய வேண்டும்.

அதற்கு இணையம் வேண்டும், அங்கேதான் முதல் ஒரு மணி நேரம் முக்கியமாகிறது. ஊரிலேயே இ-சிம் வாங்கிவிடுங்கள், அல்லது உள்ளேயே இருக்கிற யூசெல், பீலைன் மாதிரி கைபேசி நிறுவனங்களின் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியில் விலை குறைவு என்று தள்ளிப்போட்டால் மிச்சமாகிற காசு டாக்சியில் போய்விடும். யாண்டெக்ஸ் கோ, மைடாக்சி இரண்டையும் கிளம்புமுன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

வண்டி வந்ததும் எண்ணைப் பாருங்கள். இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை உள்நாட்டிலேயே செய்கிற செவ்ரோலே, அதிலும் பெரும்பாலானவை வெள்ளை. கோபால்ட், நெக்சியா, ஸ்பார்க், எல்லாம் வெள்ளை. ‘வெள்ளைக் கார் வந்துருச்சு’ என்று ஏறினால் அது யாருடைய காரோ. எண் பலகையின் தொடக்கத்தில் 01 என்று இருந்தால் தாஷ்கண்ட் நகரம், 10 என்றால் சுற்றுவட்டார மாகாணம். மிச்ச எண்ணையும் ஆப்பில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஏறியபிறகு ஆப்பை ரத்து செய்துவிட்டு நேரடியாகக் காசு கொடுங்கள் என்று சில ஓட்டுநர்கள் சைகை காட்டுவார்கள். மறுத்துவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள். சில்லறை இல்லை என்பதும் பழைய பாட்டு, அதற்குத்தான் சட்டைப் பையில் சின்ன நோட்டு.

இதையெல்லாம் சொல்கிறபோது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஓட்டுநர் நான் இந்தியன் என்று தெரிந்ததும் தானாகவே வண்டியைத் திருப்பி, லால் பகதூர் சாஸ்திரி சிலை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். 1966 ஜனவரியில் பாகிஸ்தானோடு ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் சாஸ்திரி இறந்தது இந்த ஊரில்தான், அவர் பெயரில் தெருவே இருக்கிறது. சரி, இப்போது ஓட்டுநர் தனியாக ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆப்பில் இருந்த தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மெட்ரோவில் ஏமாற்ற ஒன்றுமே இல்லை. 1977இல் திறந்த மெட்ரோ, மத்திய ஆசியாவின் முதலாவது. கட்டணம் நம் பணத்தில் இருபது முப்பது ரூபாயைத் தாண்டாது. வாசலில் காவலர் பையைச் சோதிப்பார், அது வழக்கம். 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை இருந்தது, இப்போது இல்லை. அதனால் காவல் சீருடை இல்லாத யாராவது ‘படம் எடுத்தாய், அபராதம் கட்டு’ என்றால் நடையைக் கட்டுங்கள். காஸ்மோனாவ்ட்லார் நிலையத்தில் விண்வெளி வீரர்கள் ககாரினையும் தெரஷ்கோவாவையும் சுவரில் பார்க்க மறக்காதீர்கள்.

இனி சோர்சு சந்தை. நீலப் பச்சைக் குவிமாடம், உள்ளே இறைச்சி, தயிர் உருண்டை, ஊறுகாய், வெளியே பழமும் பருப்பும் மசாலாவும். வாசலிலேயே சில பெண்கள் தகர டப்பாவில் இசிரிக் என்கிற காய்ந்த மூலிகையைப் புகைத்துக்கொண்டு நிற்பார்கள், நம் ஊர்க் கடைகளில் சாயங்காலம் சாம்பிராணி போட வருவார்களே, அதே மாதிரி உங்கள் தலையைச் சுற்றிப் புகையைக் காட்டிவிட்டுக் கை நீட்டுவார்கள். கண் திருஷ்டி போகும் என்பது அங்கே நிஜமான நம்பிக்கை, இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நின்று பர்ஸைத் திறக்காதீர்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு ஆயிரம் சோம் கொடுங்கள், அல்லது ‘கெரக் எமாஸ்’, வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள்.

மசாலாக் கடைகளில் இந்தியர்களைக் கண்டாலே எடுத்து நீட்டுவது குங்குமப்பூ. சாக்கு நிறையக் குவித்து வைத்திருப்பார்கள், ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி நூறு ரூபாய், இருநூறு ரூபாய்க்குத் தருவார்கள். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒரு கிராம் வாங்கவே சில நூறு ரூபாய் ஆகிற சரக்கை யார் திறந்த சாக்கில் வெயிலில் கொட்டி வைப்பார்கள்? அது குசும்பப்பூ, வேறொரு செடியின் பூ. சமையலுக்கு நிறம் கொடுக்கும், அவ்வளவுதான். நிஜக் குங்குமப்பூ இழை சிவப்பாக, ஒரு முனை அகன்று குழல் மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் மெதுவாக மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும், வாசனை தூக்கும். குசும்பப்பூ துவண்ட இதழ், போட்ட உடனே ஆரஞ்சு நிறம் கக்கிவிட்டு வெளுத்துப்போகும். அடையாளம் தெரிந்துகொண்டு மலிவு விலைக்கு அதையே வாங்கினால் தப்பில்லை, பாயசத்துக்கு மட்டும் ஆகாது. உலர் பழம், பாதாம், வால்நட் எல்லாம் அருமையாக இருக்கும், ருசி பார்க்கத் தாராளமாகத் தருவார்கள், ருசி பார்த்ததால் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. கவனிக்க வேண்டியது எடை. அரைக் கிலோ கேட்டால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒன்றேகால் கிலோ அள்ளிப் போட்டுவிடுவார்கள். தராசைப் பார்த்து ‘போதும்’ என்று கையைக் காட்டுங்கள், கூடுதலை அவர்களே திரும்பக் கொட்டிவிடுவார்கள்.

துணி விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு, பட்டு எது என்று பாதிப் பேருக்குக் கையால் தொட்டே தெரியும். அட்லஸ் என்ற பெயரில் பட்டு என்று சொல்லி விற்கிற, வண்ண வண்ணமாகத் தொங்குகிற உள்ளூர்த் துணியில் நிறைய செயற்கை நூல்தான். ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வர வேண்டும், பிளாஸ்டிக் வாசனை வந்தால் பட்டு விலை கொடுக்காதீர்கள். நூலைக் கொளுத்த விடாத கடை என்றால் அதுவே பதில். சுசானி எம்ப்ராய்டரி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் மெஷினில் போட்டதும் பார்க்க அழகாகவே இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். கையால் போட்டதில் முடிச்சும் இழுப்பும் ஒழுங்கில்லாமல் இருக்கும். பழைய முறையில் இதைக் குறுகலான துண்டுகளாகப் பிரித்துத் தைத்துப் பிறகு இணைப்பார்கள், அதனால் இணைகிற இடத்தில் பூவின் இரு பாதியும் கொஞ்சம் விலகித்தான் நிற்கும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினால் அது மெஷின்.

‘இது என் பாட்டி காலத்தது, நூறு வருஷம்’ என்று விற்கிறவரிடம் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய கலைப் பொருளை அனுமதிச் சான்று இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அவர் சொல்வது உண்மையானால் விமான நிலையத்தில் பொருள் போகும், பொய்யானால் கடையிலேயே காசு போயிற்று. புதுசாகச் செய்தது என்று ரசீது எழுதித் தருகிற கடையே நல்லது.

சாப்பாட்டுக் கடையில் நம்மவர்கள் ‘ஏமாற்றிவிட்டான்’ என்று கத்துகிற பல விஷயம் ஏமாற்றே இல்லை. பில்லில் பத்து, பதினைந்து சதவீதம் சேவைக் கட்டணம் போடுவார்கள், அது ஊர் வழக்கம். ரொட்டி, தக்காளி வெங்காய சாலட், தேநீர் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும், அதற்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடலாம். ஹோட்டலில் கிளம்பும்போது ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாகக் கேட்கலாம், அதுவும் சட்டப்படியானது. ஏமாற்று எங்கே என்றால், மெனு கார்டு இல்லாமல் ‘நான் நல்லதாகக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்கிற இடத்தில், அல்லது நூறு கிராமுக்கு விலை எழுதிவிட்டு முழு மீனை எடை போடுகிற இடத்தில். சைவக்காரர்களுக்கு ஒரு செய்தி: ‘இறைச்சி இல்லாத’ பிலாவ் கேட்டால் சட்டியிலிருந்து இறைச்சியை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம்.

ராத்திரி விஷயம். ஆண்கள் கும்பலாக ‘ஜாலி பேக்கேஜ்’ என்று தாஷ்கண்ட் போவது நம் பக்கமும் நடக்கிறது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஹோட்டலில் தங்கியிருந்த கொங்குப் பக்கத்து இளைஞர்கள் இருவர், டேட்டிங் ஆப்பில் பழகிய பெண்கள் சொன்ன மதுக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். விலைப்பட்டியல் இல்லை, பழத்தட்டு, ஹுக்கா, ஷாம்பெயின் என்று அந்தப் பெண்களே ஆர்டர் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள், கடைசியில் ஐந்நூறு டாலருக்கு மேல் பில், வாசலில் இரண்டு தடியர்கள். கார்டில் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். காலையில் டிபன் மேசையில் ‘அண்ணா, பாங்க்கில சொன்னா திரும்ப வருமா’ என்று கேட்டார்கள். பின் எண்ணை அவர்களே அழுத்தியிருக்கிறார்கள், எப்படி வரும்? போகிற இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், விலைப்பட்டியல் வராமல் எதையும் தொடாதீர்கள், அந்த ராத்திரிக்கு வேண்டிய ரொக்கம் மட்டும் கையில் இருக்கட்டும். பில் அநியாயமாக வந்தால் 102ஐ அழைக்கிறேன் என்று சொல்லிக் கைபேசியை எடுங்கள், போலீஸ் வருவதை அந்தக் கடைகள் விரும்பாது.

போலீஸ் என்று சாதாரண உடையில் வந்து ஒரு அட்டையை மின்னல் வேகத்தில் காட்டிவிட்டுப் பர்ஸைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் நகலைக் காட்டுங்கள், ‘வாருங்கள், என் ஹோட்டலுக்குப் போகலாம்’ என்று சொல்லுங்கள். நிஜக் காவலர் உங்கள் பணத்தை எண்ணிப்பார்க்க மாட்டார். கூடவே ஒன்று, வெளிநாட்டவர் வந்து மூன்று நாட்களுக்குள் தங்குமிடத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஹோட்டல்கள் தாங்களே செய்துவிடும். தனியார் அடுக்குமாடி வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் ஆன்லைனில் செய்ய வேண்டும், சில பேர் வரிக்குப் பயந்து செய்வதில்லை, அபராதம் வருவது நமக்கு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், பதிவுச் சீட்டின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள்.

சமர்க்கந்து போகிறவர்களுக்கு: அஃப்ரோசியாப் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயில்வேயின் சொந்த ஆப்பிலேயே வாங்கலாம். ரயில் நிலைய வாசலில் ‘டிக்கெட் தீர்ந்துபோச்சு, என் காரில் வா’ என்பவர்கள் கையில் டிக்கெட் வைத்திருப்பவரிடம்கூட ரயில் ரத்து என்று சொல்லுவார்கள். உள்ளே போய்ப் பலகையைப் பாருங்கள். தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு நிலையங்கள், டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி போடுங்கள். ஷேர் காரில் போவதானால் சொல்கிற விலை ஒரு ஆளுக்கா முழுக் காருக்கா என்று ஏறுமுன் விரலைக் காட்டியாவது கேட்டுவிடுங்கள்.

தாஷ்கண்டுக்குப் பக்கத்திலுள்ள சிம்கான் மலைக்குப் போனால் குதிரை, நான்கு சக்கர மோட்டார், தோளில் கழுகு என்று கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு ஒரு விலை, நடுவில் ‘படம் எடுத்தோமே’ என்று ஒரு விலை. மொத்தத் தொகை, எத்தனை நிமிடம், எத்தனை ஆள் என்று மூன்றையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள், காசைக் கடைசியில் கொடுங்கள். பேக்கேஜில் வருபவர்களைக் கைடு கூட்டிப்போகும் கம்பளக் கடை, தோல் கடை எல்லாம் கமிஷன் கடைகள்தான். பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கையில் மிஞ்சிய சோமை ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அதை யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் காலையில் ஏதாவது வங்கியில் பாஸ்போர்ட்டைக் காட்டி டாலராக மாற்றிக்கொள்ளுங்கள், விமான நிலையம் போகிற டாக்சிக்கும் ஒரு தேநீருக்கும் மட்டும் ஒரு லட்சத்தைச் சில்லறையாக வைத்துக்கொண்டால் போதும்.